சமதரையே இல்லாத 105 மைல்

ஜூன் 5, வியாழன்: ஃப்ரன்ட் ராயல்

வாஷிங்டன் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஷெனந்தோவா தேசியப் பூங்கா என்றால் அக்டோபர் மாதம்தான். இலை நிறம் மாறும் இரண்டு வாரத்தில் காரில் போய், வாகன வரிசையில் ஊர்ந்து, நாலைந்து இடத்தில் இறங்கிப் படம் எடுத்து, கட்டிக்கொண்டு போன புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுவோம். அந்த மலைமுகட்டுச் சாலையை வடக்கு முனையிலிருந்து தெற்கு முனை வரை சைக்கிளில் போய்ப் பார்த்தால் என்ன என்று கிளப்பிவிட்டது அண்ணாச்சி.

அண்ணாச்சி எனக்குச் சொந்தமில்லை. இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார். பாளையங்கோட்டைக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். போன வருஷம் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எட்டிப் பார்த்ததும் சைக்கிள் வாங்கினார். அதோடு நிற்காமல் என்னையும் வாங்க வைத்தார். நான் திருவாரூர்ப் பக்கம். எங்கள் ஊரில் மேடு என்றால் ரயில்வே மேம்பாலம் ஒன்றுதான். அவருக்கோ சின்ன வயதிலேயே பாபநாசம் மலையில் சைக்கிள் மிதித்த பழக்கம் உண்டு.

சாலையின் பெயர் ஸ்கைலைன் டிரைவ். வர்ஜீனியாவில் ப்ளூ ரிட்ஜ் மலைத்தொடரின் முகட்டிலேயே ஓடுகிறது. நீளம் 105 மைல், அதாவது 170 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. "நெல்லையில கிளம்பினா மதுரையத் தாண்டிரலாம்டே" என்றார் அண்ணாச்சி. தாண்டலாம்தான். ஆனால் அந்த வழியில் கோவில்பட்டியில் பரோட்டா கிடைக்கும்.

அண்ணிதான் எங்களையும் சைக்கிள்களையும் காரில் கொண்டுவந்து, வடக்கு முனையில் உள்ள ஃப்ரன்ட் ராயல் ஊரில் இறக்கிவிட்டார். "முட்டி வலிச்சா அங்கேயே உக்காந்துருங்க, நான் வந்து அள்ளிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். விடுதி ஒரு இரவுக்கு வரியோடு 118 டாலர். வரவேற்பு மேசையில் புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போட்ட குஜராத்தி அம்மா ஒருவர் இருந்தார். சைக்கிளை வெளியே பூட்டலாமா என்று கேட்டதற்கு, "வெளியே எதற்கு, அறைக்குள்ளேயே தூங்கட்டும்" என்று இந்தியில் சொல்லிவிட்டு, டயர் மண் கம்பளத்தில் படாமல் இருக்கப் பழைய செய்தித்தாள் கட்டு ஒன்றும் கொடுத்தார். அண்ணாச்சி தன் இந்தியில் நன்றி சொன்னார். அந்த அம்மா சிரித்ததைப் பார்த்தால் வேறு ஏதோ சொல்லியிருக்கிறார் என்று தெரிந்தது.

இரவு பையைப் பிரித்து மறுபடி கட்டினோம். கூடாரம், தூங்கும் பை, மழைக்கோட்டு, ஒரு சின்ன அடுப்பு. அதற்கப்புறம் அண்ணாச்சியின் பையிலிருந்து வந்தவை: இட்லிப்பொடி, நல்லெண்ணெய் பாட்டில், புளியோதரை, கோவில்பட்டி கடலை மிட்டாய் இரண்டு பாக்கெட், ரவை, ஒரு கட்டு கறிவேப்பிலை. கறிவேப்பிலை எதற்கு என்று கேட்டேன். "உப்புமாவுல போடாமயா தின்ப?" என்றார்.

ஜூன் 6, வெள்ளி: மைல் 0 முதல் மேத்யூஸ் ஆர்ம் வரை

நுழைவுக் கட்டணம் சைக்கிள்காரருக்குத் தலைக்கு 15 டாலர், ஏழு நாள் செல்லும். கார் என்றால் 30. கட்டணக் கூண்டில் இருந்த இளம் ரேஞ்சர், முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் எரிகிறதா என்று போட்டுக் காட்டச் சொன்னார். ஒருவர் பின் ஒருவராகத்தான் போக வேண்டும், பக்கத்தில் பக்கத்தில் போய்ப் பேசக்கூடாது என்றார். பேசுவதற்கு மூச்சு இருக்காது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

கூண்டைத் தாண்டியதுமே ஏற்றம். உடம்பு சூடாக ஒரு அரை மைலாவது சமதரை இருக்கும் என்று எதிர்பார்த்தேன், இல்லை. ஆனால் மிரட்டும் ஏற்றமும் இல்லை. நம்மூர் மலைப்பாதை மாதிரி கொண்டை ஊசி வளைவு ஒன்றுகூடக் கிடையாது. 1930களில் கார் வைத்திருப்பவர்கள் உல்லாசமாக ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றே போட்ட சாலை இது, சாய்வு சாதுவாகத்தான் இருக்கும். சாதுவாக இருந்து கொல்லும். மணிக்கு ஆறேழு கிலோமீட்டர் வேகத்தில் சின்ன கியரில் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். லாரிகளுக்கு அனுமதி இல்லை, கார்களுக்கும் 35 மைல் வேகம்தான் உச்சவரம்பு. அதனால் முதுகுக்குப் பின்னால் பயம் இல்லை. வலது ஓரத்தில் மைலுக்கு ஒரு கல். அடுத்த கல் வரும்வரை தலையைத் தூக்குவதில்லை என்று ஒரு பழக்கம் எனக்கு மூன்றாவது மைலிலேயே வந்துவிட்டது.

டிக்கி ரிட்ஜ் பார்வையாளர் மையம் நாலரை மைலில் வருகிறது. மூச்சு வாங்க நிறுத்தினோம். எதிரே ஃபாக்ஸ் ஹாலோ என்று ஒரு நடைபாதை, ஒன்றேகால் மைல் சுற்று. கால் ஏற்கெனவே கெஞ்சிக்கொண்டிருந்தது, அண்ணாச்சி கேட்கவில்லை. உள்ளே போனால் காட்டுக்கு நடுவே கற்குவியல்கள். பெரிய மரங்களுக்கு இடையில் இடுப்பளவு கல்சுவர் எங்கேயோ தொடங்கி எங்கேயோ முடிகிறது. யாரோ ஒருவர் வயலில் பொறுக்கிப் போட்ட கல். கொஞ்சம் தள்ளி ஃபாக்ஸ் குடும்பத்தின் கல்லறைகள். தரையெல்லாம் நம்மூர் நித்தியகல்யாணிக்குப் பங்காளி முறையான ஒரு கொடி படர்ந்திருக்கிறது. கல்லறையில் நட்டது அப்படியே பரவிவிட்டதாம்.

இது எனக்கு நிஜமாகவே தெரியாது. இத்தனை வருஷம் வந்திருக்கிறேன், இதை ஆதிகாலக் காடு என்றே நினைத்திருந்தேன். இந்த மலை முழுக்கத் தோட்டமும் மேய்ச்சல் நிலமும் ஆப்பிள் கொல்லையுமாக இருந்திருக்கிறது. 1928இல் வர்ஜீனியா மாநிலம் ஒரு சட்டம் போட்டு, நிலத்தைக் கட்டாயமாக எடுத்து, மத்திய அரசிடம் பூங்காவுக்கென்று கொடுத்தது. 500 குடும்பங்களுக்கு மேல் இறங்கிப் போனார்கள். நிலத்துக்குப் பட்டா இருந்தவர்களுக்குப் பணம் கிடைத்தது. குத்தகைக்கும் வாரத்துக்கும் இருந்தவர்களுக்கு அதுவும் இல்லை. வயதான சிலரை மட்டும் சாகும்வரை இருந்துகொள்ள விட்டார்கள். அவர்களில் கடைசிப் பாட்டி 1979 வரை இங்கேயே இருந்திருக்கிறார்.

அண்ணாச்சி சுவரின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அவருடைய அம்மா வழித் தாத்தாவின் நிலம் ஒரு அணைக்காகப் போனது என்று அப்புறம் ஒரு ஏற்றத்தில், மூச்சுக்கு நடுவே, துண்டு துண்டாகச் சொன்னார்.

மதியத்துக்கு மேல் ஹாக்பேக் ஏற்றம். ஃப்ரன்ட் ராயலில் இருநூறு மீட்டர் உயரத்தில் தொடங்கியவர்கள் இங்கே ஆயிரம் மீட்டரைத் தாண்டி நிற்கிறோம். இடையில் இறங்கியதைக் கணக்கில் சேர்க்கவில்லை. இறங்கியதையெல்லாம் திரும்ப ஏறியாக வேண்டும். கடைசி ஒரு மைல் நான் தள்ளிக்கொண்டுதான் வந்தேன். தள்ளும்போது ஒரு அம்மா காரை மெதுவாக்கி, கண்ணாடியை இறக்கி, "தண்ணீர் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றதும் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனார். பாவம் என்ற பார்வை இல்லை, வீரம் என்று பாராட்டவும் இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

ஹாக்பேக் பார்வை மேடையிலிருந்து கீழே ஷெனந்தோவா ஆறு வளைந்து வளைந்து போவது தெரியும். தெளிவான நாளில் பதினொரு வளைவு எண்ணலாம் என்பார்கள். நான் எட்டு எண்ணினேன். அண்ணாச்சி பதிமூன்று என்றார். கண்ணாடியைத் துடைக்கச் சொன்னேன்.

மேத்யூஸ் ஆர்ம் முகாமில் இடம் ஒரு இரவுக்கு 30 டாலர். சாலையிலிருந்து கீழே சரிந்து போக வேண்டும். அதாவது நாளைக் காலையில் எழுந்ததும் ஏற்றம். குளிக்க வசதி இல்லை. சாப்பாட்டுப் பொருள் எதுவும் கூடாரத்தில் இருக்கக்கூடாது, கரடி வரும். அதற்கென்று இரும்புப் பெட்டி வைத்திருக்கிறார்கள். பற்பசை, சோப்பு, வாசனை உள்ள எல்லாமே அதற்குள்தான் போக வேண்டும். அண்ணாச்சி நல்லெண்ணெயையும் விபூதி டப்பாவையும் சேர்த்து வைத்துப் பூட்டினார். புளியோதரை அமிர்தமாக இருந்தது. சாப்பிட்டுவிட்டு டார்ச் அடித்து ஒருவர் காலை ஒருவர் உண்ணி இருக்கிறதா என்று பார்த்தோம். ஒன்று இருந்தது, என் முழங்காலுக்குப் பின்னால்.

ஜூன் 7, சனி: பிக் மெடோஸ் வரை

எல்க்வாலோவில் ஒரு சாப்பாட்டுக் கடை உண்டு, இந்தச் சாலையில் சொல்லிக்கொள்ளும்படி இருக்கும் மூன்று நான்கில் ஒன்று. சைவத்துக்கு உருளை வறுவல், சீஸ் சாண்ட்விச், அவ்வளவுதான். ஆனால் பிளாக்பெர்ரி மில்க்ஷேக் இருக்கிறது. இந்தப் பூங்காவுக்குப் பேர்போன சங்கதி அது. கருநீலத்தில், விதை பல்லில் சிக்க, அவ்வளவு கெட்டியாக வந்தது. ஸ்ட்ராவால் உறிஞ்ச முடியாமல் மூடியைத் திறந்து கரண்டியால் சாப்பிட்டேன். அண்ணாச்சி சர்க்கரைக்காக வேண்டாம் என்று சொல்லிவிட்டு என்னுடையதில் பாதியைத் தீர்த்தார். காலை ஒன்பது மணிக்கு.

சனிக்கிழமை என்பதால் மோட்டார் சைக்கிள் கூட்டம். தாடி, தோல் சட்டை, கையெல்லாம் பச்சை. ஊரில் இவர்களைப் பார்த்தால் நான் ஒதுங்கித்தான் போவேன். இங்கே ஒவ்வொருவரும் இடது கையைக் கீழே தாழ்த்தி இரண்டு விரலை நீட்டிவிட்டுப் போகிறார்கள். அது இரு சக்கரக்காரர்களுக்குள் மரியாதையாம். பார்வை மேடை ஒன்றில் அப்படி ஒரு பெரியவர் எங்கள் சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதில் எஞ்சின் எங்கே?" என்று கேட்டார். அண்ணாச்சி தன் தொடையைத் தட்டிக் காட்டினார். அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எங்களுக்கு ஆளுக்கு ஒரு பை நிறையச் செர்ரிப் பழம் கொடுத்தார், கீழே பண்ணையில் வாங்கியதாம்.

தார்ன்டன் கேப் என்ற கணவாயில் இறக்கம் முடிந்து மறுபடி ஏற்றம். கொஞ்ச தூரத்தில் மேரிஸ் ராக் சுரங்கம். கருங்கல் மலையை 1932இல் குடைந்தது, நீளம் ஏறக்குறைய இருநூறு மீட்டர். உள்ளே விளக்கு கிடையாது. நடுவில் போகும்போது பின்னால் ஒரு கார் நுழைந்தது. அந்தச் சத்தம் பாறையில் மோதி நாலு பக்கமிருந்தும் வந்தது, எங்கிருந்து வருகிறது என்று பிடிபடவில்லை. அந்தக் கார்க்காரர் எங்களைத் தாண்டவே இல்லை. விளக்கைத் தாழ்த்திக்கொண்டு, எங்கள் வேகத்திலேயே ஊர்ந்து, வெளிச்சத்துக்கு வந்த பிறகுதான் முந்தினார். அவருக்குப் பின்னால் ஐந்தாறு கார் சேர்ந்துவிட்டது. ஒரு ஹாரன் இல்லை.

சுரங்கத்தைத் தாண்டினால் ஸ்கைலாண்ட் வரை கிட்டத்தட்ட பத்து மைல் ஏற்றம். இந்தச் சாலையிலேயே உயரமான இடம் அங்கேதான் வருகிறது, 1,122 மீட்டர். ஓரமெல்லாம் மவுன்டன் லாரல் பூத்திருந்தது. வெள்ளையும் இளஞ்சிவப்புமாகச் சின்னக் கிண்ணங்கள். இளைப்பாற நின்ற இடத்தில் ஒரு பூவை நன்றாகப் பார்த்தேன். பத்து மகரந்தத் தண்டு, ஒவ்வொன்றின் நுனியும் இதழில் உள்ள ஒரு குழிக்குள் வளைத்துச் செருகியிருக்கிறது. புல் நுனியால் தொட்டால் ஒன்று விடுபட்டு நடுவே தெறிக்கிறது, மகரந்தம் சிதறுகிறது. தேனீ உட்காரும்போது அதன் மேல் அடிக்கத்தான் இந்த ஏற்பாடு. பத்தையும் தட்டிப் பார்த்தேன்.

இந்தச் செடிகளும் தானாக முளைத்தவை அல்ல என்பதுதான் வேடிக்கை. 1930இல் இங்கே பெரும் வறட்சி. அதற்கடுத்த வருஷம் வறட்சி நிவாரணப் பணத்தில், வேலை இல்லாத விவசாயிகளை வைத்து இந்தச் சாலையைத் தொடங்கினார்கள். 1933இல் அதிபர் ரூஸ்வெல்ட் வேலையற்ற இளைஞர்களுக்காக சி.சி.சி. என்ற படையை அமைத்தபோது இங்கேயும் முகாம்கள் வந்தன. ஓரத்துக் கல்சுவர், சரிவுகளைச் சீர்செய்தது, சாலையோரம் வரிசையாக லாரல் நட்டது எல்லாம் அந்தப் பையன்கள் வேலை. நூறு நாள் வேலைத் திட்டத்தை நம்மூரில் கிண்டல் பண்ணுகிறவர்களை ஒருமுறை இங்கே கூட்டிக்கொண்டு வர வேண்டும்.

பின்னக்கிள்ஸ் பிக்னிக் திடலுக்கு வரும்போது வானம் கறுத்துவிட்டது. கழிப்பறைக் கட்டடத்துக் கூரைக்குள் சைக்கிளை இழுத்துப் போடுவதற்குள் ஆலங்கட்டி மழை. கடலைப் பருப்பு அளவுக் கல், தகரத்தில் விழுந்து காது அடைத்தது. எங்களுக்கு முன்பே அங்கே ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். ஒல்லி, தாடி, மூன்று மாதம் வெட்டாத முடி. அப்பலாச்சியன் டிரெயில் நடைபாதையில் ஜார்ஜியாவிலிருந்து மார்ச் மாதம் கிளம்பியவன். மெய்ன் மாநிலம் வரை 3,500 கிலோமீட்டர் நடக்கிறான். அந்தப் பாதை இந்தச் சாலையைக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக்கொண்டே போகிறது.

புளியோதரையில் மீதி இருந்ததை நீட்டினோம். முதலில் ஒரு வாய் வைத்தான், கண்ணை மூடினான், அதற்கப்புறம் பேச்சே இல்லை. டப்பாவை விரலால் வழித்துவிட்டு, இது என்ன, எங்கே கிடைக்கும் என்று கேட்டான். அண்ணாச்சி செய்முறையை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். நல்லெண்ணெய் கொதிக்க வேண்டும் என்ற இடத்திலேயே மழை விட்டுவிட்டது. பையன் கிளம்பும்போது தன் பையிலிருந்து கைக்கு அடக்கமான ஒரு சாக்லேட்டை எடுத்து, இரண்டாக உடைத்து, எங்களுக்குக் கொடுத்தான். அவனுக்கு அது ஒரு வேளைச் சாப்பாடு.

ஈரத் தரையில் மிச்ச ஏற்றத்தை முடித்து பிக் மெடோஸ் வந்தபோது ஆறரை மணி. காசு கொடுத்தால் வெந்நீர்க் குளியல். கொடுத்தோம்.

ஜூன் 8, ஞாயிறு: லாஃப்ட் மவுன்டன் வரை

காலையில் புல்வெளியில் மான்கள். ஆட்களைக் கண்டு ஓடுவதில்லை, நாலு அடி தள்ளி மேய்ந்துகொண்டிருக்கின்றன. மலை உச்சியில் இவ்வளவு பெரிய திறந்தவெளி எப்படி என்று பார்த்தால், வெட்டியும் அவ்வப்போது தீ வைத்தும்தான் காப்பாற்றுகிறார்கள். விட்டால் காடு விழுங்கிவிடும். 1936 ஜூலையில் ரூஸ்வெல்ட் இங்கே வந்துதான் பூங்காவை நாட்டுக்கு அர்ப்பணித்தார். உப்புமாவில் கறிவேப்பிலை போட்டுத் தின்றோம். பக்கத்துக் கூடாரத்தில் இருந்த பெரியவர் வாசனை பிடித்துக்கொண்டே வந்து, "அது என்ன இலை?" என்று கேட்டார். ஒன்றைக் கிள்ளிக் கொடுத்தேன். முகர்ந்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஏழு மைல் தள்ளி லூயிஸ் மவுன்டன். அமைதியான சின்ன முகாம், நல்ல நிழல். தண்ணீர் பிடிக்க நிறுத்தினோம். 1939இல் இதைத் திறந்தபோது கறுப்பின மக்களுக்கு மட்டும் என்று ஒதுக்கியிருந்தார்கள். மத்திய அரசின் பூங்கா, ஆனால் வர்ஜீனியாவின் வழக்கப்படி தனி மேசை, தனிக் குடில். 1950வாக்கில்தான் அந்தப் பாகுபாடு முழுக்கப் போனது. அண்ணாச்சி அங்கே பலகையில் இருந்த இதையெல்லாம் வாசித்துவிட்டு, "நம்ம டீக்கடை கிளாஸ் கத மாதிரில்லா இருக்கு" என்றார். நான் எதுவும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்திலும் அந்தக் கதை உண்டு.

வாசிக்கும் நேரத்தில் மேசையில் வைத்திருந்த அவருடைய பையை அணில் ஒன்று பதம் பார்த்துவிட்டது. கோடு போட்ட குட்டி அணில், சிப்மங்க் என்கிறார்கள். கரடிக்கு பயந்து இரண்டு இரவு இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிய கடலை மிட்டாயில் ஒரு பாக்கெட் முழுசாகக் கிழிந்து, பாதி போயிருந்தது. கன்னம் இரண்டும் புடைக்க அது ஒரு கட்டை மேல் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. கோவில்பட்டிக்காரர்கள் பெருமைப்படலாம்.

கரடியையும் அன்றைக்கே பார்த்தோம். சாலையில் ஏழெட்டுக் கார் நிற்கிறது, எல்லாக் கண்ணாடிக்கு வெளியேயும் போன். தாயும் இரண்டு குட்டியும் சரிவில் எதையோ தோண்டிக்கொண்டிருந்தன. காரில் இருப்பவர்களுக்கு அது காட்சி. சைக்கிளில் இருப்பவனுக்கு அப்படி இல்லை. கடைசியில் நின்ற வேனை ஓட்டிய அம்மா நிலைமையைப் புரிந்துகொண்டு, "என் வண்டிக்கு வலது பக்கம் ஒட்டி வாருங்கள்" என்று சொல்லி, எங்களை மறைத்தபடியே மெதுவாக ஓட்டிக் கடத்திவிட்டார். அண்ணாச்சி அந்த முப்பது நாற்பது மீட்டரும் கந்தசஷ்டி கவசம் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஸ்விஃப்ட் ரன் கேப் வரை நல்ல இறக்கம். காற்று கண்ணில் நீர் வரவழைத்தது, பிரேக் பிடித்துப் பிடித்து விரல் மரத்தது. அதற்கப்புறம் பதினான்கு மைல் ஏறி இறங்கி ஏறி. இந்தப் பகுதியில் கார்கள் குறைவு, கடை எதுவும் இல்லை, வெயிலும் ஈரமுமாகச் சென்னை மே மாதத்தை நினைவூட்டியது. இங்கேதான் இந்தச் சாலையின் குணம் எனக்குப் புரிந்தது. இதில் உச்சி என்று ஒன்று கிடையாது. திருப்பதி, பழனி என்றால் ஏறினோம், முடிந்தது என்று உட்காரலாம். இங்கே ஒவ்வொரு மேட்டிலும் ஏறிய உயரத்தைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த பள்ளத்தில் விடுகிறார்கள். உடம்பு வலியைவிட அந்தக் கணக்குதான் களைப்பு.

லாஃப்ட் மவுன்டன் பலகையைப் பார்த்ததும் வந்துவிட்டோம் என்று நினைத்தேன். முகாம் அங்கே இல்லை. பக்கவாட்டில் ஒரு சாலை, செங்குத்தாக, ஒரு மைலுக்கு மேல். அண்ணாச்சி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் இறங்கித் தள்ளினோம். இரவுச் சாப்பாடு ரொட்டியில் இட்லிப்பொடியும் நல்லெண்ணெயும். விப்பூர்வில் என்று ஒரு இரவுப் பறவை, தன் பெயரையே விடாமல் கூவிக்கொண்டிருக்கும். எங்கள் கூடாரத்துக்கு மேலேயே வந்து பிடித்துக்கொண்டது. நூறு வரை எண்ணினார் அண்ணாச்சி, நான் அதற்குள் தூங்கிவிட்டேன்.

ஜூன் 9, திங்கள்: ராக்ஃபிஷ் கேப்

எழுந்தால் எதுவும் தெரியவில்லை. கையை நீட்டினால் விரல் மங்கலாகத் தெரியும் அளவுக்கு மேகமூட்டம். இந்த மலைமேல் மூடுபனி என்பது பெரும்பாலும் மேகம்தான், நாம்தான் அதற்குள் இருக்கிறோம். விளக்கு இரண்டையும் போட்டுக்கொண்டு, வெள்ளைக் கோட்டைப் பிடித்தபடி ஊர்ந்தோம். பார்வை மேடை ஒவ்வொன்றும் வந்தது, போனது, பலகையைத் தவிரப் பார்க்க ஒன்றுமில்லை. எதிரே ஒரு கார் வந்தால் முதலில் சத்தம், அப்புறம் இரண்டு மஞ்சள் புள்ளி.

பிளாக்ராக் தாண்டி எங்கேயோ என் பின்சக்கரம் இறங்கிவிட்டது. பதற்றமே இல்லை, ஸ்பேர் டியூப் இருக்கிறதே என்று எடுத்தால், ஊரில் ஒரு கடையில் சைக்கிளைக் காட்டியே வாங்கிய டியூப், அதன் வால்வு தடிமனான வகை. ரிம்மில் உள்ள துளை ஒல்லி வால்வுக்கானது. எப்படித் திருகினாலும் நுழையாது. போனில் சிக்னல் இல்லை.

"எடு அந்த பஞ்சர் ஒட்டுற பெட்டிய" என்றார் அண்ணாச்சி. எட்டாம் வகுப்பு விடுமுறையில் பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஒரு வாடகை சைக்கிள் கடையில் எடுபிடியாக இருந்தவர் அவர். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தார். டியூபை உருவிக் காற்றடித்தார். தண்ணீர்த் தொட்டி இல்லையே என்று நான் யோசிப்பதற்குள், டியூபைக் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்து மெதுவாகச் சுற்றிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நிறுத்தி, அங்கே எச்சில் தொட்டு வைத்தார். சின்னக் குமிழ் ஒன்று வந்தது. அந்த இடத்துக்கு நேராக டயருக்குள் விரலை விட்டுத் தடவி ஒரு முள்ளை வெளியே எடுத்தார். கருவேல முள் அளவு இல்லை, ஆனால் அதே கெட்டி. கருப்பு லோகஸ்ட் மரத்து முள்ளாக இருக்க வேண்டும். கைவிட்ட வயல்களில் முதலில் முளைக்கிற ஜாதி அது, இந்தத் தென்பகுதியில் சாலையோரம் நிறைய நிற்கிறது.

ஈரத்தில் சொல்யூஷன் ஒட்டாது. தன் பனியனைக் கழற்றி அந்த இடத்தைத் துடைத்தார். உப்புத்தாளால் தேய்த்தார், சொல்யூஷனை ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தடவினார். நான் பட்டையை எடுத்து நீட்டியதும், "பொறுடே, காயட்டும், ஊதாத" என்றார். மழைக்கோட்டைக் கூடாரமாகப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் நின்றேன். அப்புறம் விரல் முதுகால் தொட்டுப் பார்த்து, பட்டையை வைத்து, பம்பின் கைப்பிடியால் நாலு தட்டு. சட்டையில்லாமல், மேகத்துக்குள், அமெரிக்காவின் தேசியப் பூங்காவில் ஒரு ஆள் குந்தி உட்கார்ந்து பஞ்சர் ஒட்டுவதை, அந்த வழியாக வந்த ரேஞ்சர் வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, கடைசிவரை நின்று பார்த்தார். உதவி வேண்டுமா என்று கேட்க வந்தவர், காற்று நின்றதும் கைதட்டிவிட்டுப் போனார்.

பதினொரு மணிக்கு மேல் மூட்டம் கலைந்தது. காஃப் மவுன்டன் பக்கம் ஒரு நல்ல காட்சி கிடைத்தது, இரண்டு பக்கமும் பள்ளத்தாக்கு. அதற்கப்புறம் பெரும்பாலும் இறக்கம். கால் மிதிக்காமல் இருப்பதை நம்ப முடியாமல் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. முதலில் நெடுஞ்சாலை இரைச்சல் காதில் விழுந்தது, அப்புறம் 105ஆம் கல்.

அண்ணி ஒரு மணிக்கு, சாலை முடிகிற ராக்ஃபிஷ் கேப்பில் இருப்பதாக ஏற்பாடு. இரண்டு மணி வரை வரவில்லை. சிக்னல் கிடைத்ததும் அண்ணாச்சியின் போனில் பதினேழு தவறிய அழைப்பு. வழிகாட்டும் செயலி அவரை மலைக்குக் கீழே வேய்ன்ஸ்பரோவில் ஒரு கடைத்தெரு வாகன நிறுத்தத்தில் கொண்டுபோய் விட்டு, வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்று சொல்லியிருக்கிறது. அங்கே ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, மருத்துவமனைக்கெல்லாம் போன் போடலாமா என்ற கட்டத்துக்கு வந்திருந்தார். மேலே வந்து சேர்ந்ததும் முதல் ஐந்து நிமிஷம் எங்கள் இரண்டு பேருக்கும் சரியான திட்டு. அப்புறம் டிக்கியைத் திறந்தார். தயிர் சாதம், மாவடு, ஒரு பெரிய தெர்மாஸில் ஃபில்டர் காபி. கார்கள் போய்க்கொண்டிருக்க, சாலையோரத் தடுப்புக் கல்லில் உட்கார்ந்து இரண்டு பேரும் தலை நிமிராமல் சாப்பிட்டோம்.

கை கழுவும்போது அண்ணாச்சி எதிர்ப்பக்கத்துப் பலகையைக் காட்டினார். ஸ்கைலைன் டிரைவ் முடிகிற இடத்தில் ப்ளூ ரிட்ஜ் பார்க்வே தொடங்குகிறது. வட கரோலினா வரை 469 மைல், அதுவும் முகட்டிலேயே.

"தம்பி, அக்டோபர்ல..." என்று ஆரம்பித்தார்.

"ஏறுங்க வண்டியில" என்றார் அண்ணி.

வீட்டுக்கு வந்து மறுநாள் அந்த டியூபைக் கடையில் மாற்றிக்கொண்டேன். வித்தியாசம் இரண்டு டாலர், நான்தான் கொடுக்க வேண்டியிருந்தது. அண்ணாச்சி ஒட்டிய பட்டை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது, புது டியூபைப் போடவில்லை.